டிரையலுக்குப் போகும் தம்பிகளுக்கு

(தாராவியில் நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஓட்டலில் சமையல் வேலை கேட்டால், "நாளைக்கு டிரையலுக்கு வா" என்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். எத்தனை மணி நேரம், எந்த வேலை, கூலி எவ்வளவு, சாப்பாடு உண்டா என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். அடுப்பு வேலை என்று அழைத்துக் கழுவுதொட்டியில் நிறுத்துவது நாம் பார்க்காததா?

ஒருவன் கைப்பக்குவம் ஒரு ஷிப்டில் தெரிந்துவிடும். ஏழு நாள் வேலை வாங்கிவிட்டு, எட்டாம் நாள் "சரிப்படாது" என்று வெறுங்கையோடு அனுப்பினால் அது டிரையல் அல்ல, பழைய வெட்டி வேலை! அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-ல் உச்சநீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையிலிருந்து நீக்கியவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்குத் தீர்க்கச் சொல்கிறது. ஆனால் சட்டம் தானாக நடந்து வந்து கூலி தராது. தேதி, வந்த நேரம், போன நேரம், வேலை வாங்கிய மாஸ்டர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே நோட்டில் எழுதுங்கள்.

கூலி கேட்கிறவன் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். நகம் வெட்டி, மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டுப் போங்கள். ரப்பர் செருப்பு கூடவே கூடாது; எண்ணெய்த் தரையில் வழுக்கும், கொதிக்கும் சாம்பார் சிந்தினால் பாதம் போச்சு. பலகை நகராதிருக்க அடியில் ஈரத்துணி போடுங்கள். சூடான பாத்திரத்தை மட்டும் காய்ந்த துணியால்தான் பிடிக்க வேண்டும். ஈரத்துணியில் ஆவி கிளம்பிக் கையைப் பொசுக்கிவிடும். வெங்காயம் நறுக்கச் சொன்னால் நாலு துண்டு நறுக்கி, "இந்த அளவு போதுமா மாஸ்டர்?" என்று காட்டிவிட்டுத் தொடருங்கள். வேகம் பிறகு வரும். எல்லாத் துண்டும் ஒரே அளவா, பலகையைத் துடைத்தானா என்றுதான் நல்ல மாஸ்டர் பார்ப்பார்.

ஒருவர் முதுகுக்குப் பின்னால் போகும்போது குரல் கொடுங்கள். இங்கே "பீச்சே", "கரம்" என்ற இந்திதான். இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு. கொதிக்கிற எண்ணெய்க்கு மொழிக் கொள்கை கிடையாது!

கூலி தர மறுத்தால் அங்கேயே தனியாக நின்று கைகலக்க வேண்டாம். நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். மறுநாள் நாங்கள் நாலு பேர் உங்களோடு வந்து கேட்கிறோம்.