தெரிந்த ஆளின் பேரில் வந்த கடிதம்

(தோட்ட மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



போன மாதம் நமது தோட்டத்து அக்கா ஒருவரின் போனுக்கு, கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சியின் நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, உங்க போனுக்கு ஆறு இலக்கம் ஒன்னு வரும், அதை அனுப்புங்க, அவசரம்" என்று. தங்கச்சிதானே என்று அனுப்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அவருடைய வட்ஸ்அப் எவனோ கைக்குப் போய்விட்டது. அவர் பேரில் லயத்துச் சனங்களிடம் காசு கேட்டுச் செய்தி போனது. இரண்டு பேர் காசும் போட்டுவிட்டார்கள். "தெரியாத ஆளா இருந்தா நான் அனுப்பியிருப்பேனா?" என்று அக்கா அழுதார்.

இது புதுத் தந்திரம் இல்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, உலகம் பூராவும் கம்பியூட்டர்களுக்கு "ஐ லவ் யூ" என்ற தலைப்பில் ஈ-மெயில் வந்தது. கூடவே ஒரு காதல் கடிதம் இருப்பதாகச் சொன்னது. அனுப்பியவர் பேரைப் பார்த்தால் கூட வேலை செய்பவர், சிநேகிதர், சொந்தக்காரர். ஆசையோடு திறந்தார்கள். உள்ளே இருந்தது கடிதம் இல்லை, வைரஸ். அது கம்பியூட்டரில் இருந்த படங்களை அழித்தது. பிறகு அங்கிருந்த முகவரிப் புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள எல்லோருக்கும் தன்னைத் தானே அனுப்பியது. சில நாட்களிலேயே கோடிக்கணக்கான கம்பியூட்டர்கள் பாதிக்கப்பட்டன. பிரித்தானியப் பாராளுமன்றமே ஈ-மெயிலை மூடி வைத்தது. படித்தவர்களும் பெரிய உத்தியோகத்தர்களும்தான் ஏமாந்தார்கள். ஆகவே நமது அக்கா வெட்கப்பட ஒன்றுமில்லை.

செய்தது யார்? பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் ஒனெல் டி குஸ்மான் என்ற ஏழை மாணவன். இன்டர்நெட்டுக்குக் கட்டக் காசில்லாமல், அடுத்தவரின் கடவுச்சொல்லைத் திருடச் செய்ததாக 2020இல் அவரே ஒப்புக்கொண்டார். பொலிஸ் தேடுகிற சங்கதியைத் தாய் சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததாம். அந்த நாட்டில் அப்போது இதற்குச் சட்டம் இல்லாததால் தண்டனை கிடைக்கவில்லை. அத்தனை மூளை இருந்தவர், பிற்காலத்தில் மணிலாவில் சின்னக் கடை போட்டுப் போன் திருத்திக் கொண்டிருந்தார். போனில் கெட்டிக்காரரான நமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். வறுமை குற்றமில்லை. ஆனால் வறுமையைச் சாட்டி அடுத்தவர் வீட்டுப் பூட்டைத் திறக்கக் கூடாது.

நமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் சட்டம் வருவதற்கு முன் காசு போய்விடும். ஆகையால் மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று, காசோ இலக்கமோ கேட்டால், கேட்டவரை உடனே போனில் கூப்பிட்டு அவர் குரலைக் கேட்போம். பேரை நம்பாமல் குரலை நம்புவோம். குரலிலும் சந்தேகம் வந்தால், வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி கேட்போம்.

இரண்டு, நமது போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தைப் பெத்த பிள்ளை கேட்டாலும் அனுப்ப மாட்டோம்.

மூன்று, ஏமாந்துவிட்டால் மறைக்க மாட்டோம். அந்த அக்கா பயந்து ஒரு இராத்திரி பேசாமல் இருந்தார். அந்த இராத்திரியில்தான் இரண்டாவது ஆளின் காசும் போனது. உடனே பக்கத்து வீட்டில் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள், பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். யாரும் உங்களை ஏச மாட்டோம்.