இருபத்தொரு வளைவுகள்

நெதர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி மலையே கிடையாது. ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஜூன் மாதத்தில் பிரான்சுக்குப் போய், ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் மிதிக்கிறார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத்தான்.

அந்த மலைப்பாதையின் பெயர் ஆல்ப் துயேஸ். நீளம் சுமார் 14 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள். 1952-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முறையாக இங்கே ஏறியபோது வென்றவர் இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி. அடிவாரத்தில்தான் ஏற்றம் செங்குத்து. உடம்பு சூடாகும் முன்பே தொடை கடுக்க ஆரம்பித்துவிடும். வளைவுகளுக்கு எண் உண்டு. கீழே 21, உச்சியில் 1. ஏற ஏற எண் குறைந்துகொண்டே வரும். மூச்சு வாங்குகிறவருக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு!

2006-இல் தொடங்கிய இந்த நிதி திரட்டும் முயற்சியின் பெயர் ஆல்ப் டுஸெஸ். ஒரே நாளில் ஆறு தடவை வரை ஏறலாம். ஆறும் முடித்தால் ஆறாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிய கணக்கு. விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள், வளைவுகளில் மெழுகுவத்திகள் எரியும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் நினைவாக ஏற்றியது.

நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து, அக்கம்பக்கத்தாரிடமும் அலுவலகத்திலும் நன்கொடை கேட்டுத் திரட்டிக்கொண்டு வருகிறார்கள். நோயிலிருந்து மீண்டவர்களும் மிதிக்கிறார்கள். எனக்கு ஆறு முறை ஏறியவரைவிட, தோழர்கள் இருபுறமும் வர ஒரே ஒரு முறை ஏறி முடிக்கிற அவர்கள்தான் பெரியவர்கள். சைக்கிள் முடியாதவர்கள் நடந்தே ஏறுகிறார்கள். அவர்கள் திரட்டும் நிதியும் அதே ஆராய்ச்சிக்குத்தான் போகிறது.