அரணில் ஒரு வாயில்

பகைவனின் கோட்டையைச் சுற்றிவந்து மதிலில் இடிந்த இடம் எதுவெனத் தேடுபவன் எளிய ஒற்றன். இடிபாடே இல்லாத மதிலின் முன் நின்று, 'இதைக் கட்டியவன் பகைவன் எவ்வழியாக வருவான் என்று எண்ணிக் கட்டினான்?' எனக் கேட்பவன் தேர்ந்த ஒற்றன். முன்னவன் கல்லைப் பார்க்கிறான். பின்னவன் கட்டியவனின் மனத்தைப் பார்க்கிறான். இவ்வேறுபாட்டைக் கால்பந்துக் களத்தில் வைத்து விளக்குவதற்கு, 1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்ற இங்கிலாந்து - ஹங்கேரி ஆட்டத்தினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்பதை இவ்வவையினர் நன்கறிவர். ஒரு பெரும் ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் ஒருவர் செய்ய வேண்டிய பணி முழுவதும் இம்மூன்று தலைப்புகளுக்குள் அடங்கிவிடும். ஹங்கேரி அணியின் பொறுப்பாளரான குஸ்தாவ் ஷெபெஷ் குறளைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது இம்மூன்றுமே அங்கே தென்படுகின்றன.

முதலில் இரு அணிகளின் நிலையை நோக்க வேண்டும். கால்பந்தாட்டத்துக்கு 1863இல் விதிகள் வகுத்த நாடு இங்கிலாந்து. பிரித்தானியத் தீவுகளுக்கு அப்பாலிருந்து வந்த எந்த அணியிடமும் அது தன் மண்ணில் அதுவரை தோற்றதில்லை. ஹங்கேரியோ 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணி. 1950 மே மாதத்துக்குப் பிறகு தோல்வியையே அறியாத அணி. ஒருபுறம் மரபின் பெருமிதம். மறுபுறம் புதுமையின் துணிவு. இரண்டில் எது மெய்யானது என்னும் வினாவே அன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வெம்பிளிக்கு அழைத்து வந்தது.

அந்த ஆட்டத்துக்கு 35 நாள்களுக்கு முன், அக்டோபர் 21ஆம் நாள், இங்கிலாந்து அணி பன்னாட்டு ஆட்டக்காரர்கள் அடங்கிய அணி ஒன்றோடு அதே வெம்பிளியில் மோதியது. ஆட்டம் 4-4 எனச் சமநிலையில் முடிந்தது. இறுதி நிமிடத்தில் கிடைத்த பெனால்டிதான் இங்கிலாந்தைக் காப்பாற்றியது. பார்வையாளர்களுள் ஒருவராக ஷெபெஷ் அமர்ந்திருந்தார். ஆட்டம் முடிந்த பின்னும் அவருடைய வேலை முடியவில்லை. வெம்பிளியின் புல்தரையில் பந்து எவ்வாறு எழும்புகிறது, எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று ஆராய்ந்தார். ஆங்கிலேயர் ஆடும் பந்துகள் சிலவற்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் வெம்பிளியின் நீள அகலத்துக்கு ஏற்பப் பயிற்சிக் களத்தை அளந்து கோடிடச் செய்தார். உள்ளூர் அணிகளை ஆங்கிலேய முறையில் ஆடச் சொல்லி, அவற்றுக்கு எதிராகத் தம் ஆட்டக்காரர்களைப் பழக்கினார். இடனும் காலமும் இவ்வாறு வசப்பட்டன. எஞ்சியது வலியறிதல்.

இங்கிலாந்தின் தற்காப்பு எவ்வாறு கட்டப்பட்டிருந்தது என்பதை அறிய 1925ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் 'ஆஃப்சைடு' விதி திருத்தப்பட்டது. அதுவரை, பந்து தன்னை நோக்கி அனுப்பப்படும் வேளையில், முன்னேறி நிற்கும் ஆட்டக்காரனுக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருக்க வேண்டியிருந்தது. இனி இருவர் இருந்தால் போதும் என்றாயிற்று. கோல்கள் பெருகின. அந்த வெள்ளத்துக்கு அணையிட முனைந்தவர்களுள் ஆர்சனல் சங்கத்தின் ஹெர்பர்ட் சாப்மன் தலையாயவர். அதுவரை களத்தின் நடுவில் உலவிக்கொண்டிருந்த 'சென்டர் ஹாஃப்' என்னும் ஆட்டக்காரரை அவர் பின்னுக்கு இழுத்து, இரு பக்கக் காவலர்களுக்கும் நடுவே நிறுத்தினார். ஆட்டக்காரர்கள் நிற்கும் இடங்களைத் தாளில் வரைந்தால், முன்னணியினர் 'டபிள்யூ' என்னும் ஆங்கில எழுத்தைப் போலவும் பின்னணியினர் 'எம்' என்னும் எழுத்தைப் போலவும் தோன்றுவர். ஆகவே இதற்கு டபிள்யூ-எம் முறை என்றே பெயர் வழங்கலாயிற்று.

இம்முறையின் அழகு அதன் எளிமையில் இருந்தது. ஒவ்வொரு காவலருக்கும் ஓர் எதிரி குறிக்கப்பட்டிருந்தான். எதிரணியின் ஓர முன்னணியினரைப் பக்கக் காவலர்கள் பார்த்துக்கொள்வர். உள் முன்னணியினர் இருவரை இடைநிலை ஆட்டக்காரர்கள் பார்த்துக்கொள்வர். 'சென்டர் பார்வர்டு' எனப்படும் நடு முன்னணி ஆட்டக்காரரை நடுக்காவலர் பார்த்துக்கொள்வார். சட்டையின் முதுகில் பொறித்த எண்ணே ஒருவனின் கடமையையும் சொல்லிவிடும். ஐந்தாம் எண் அணிந்தவர் எதிரணியின் ஒன்பதாம் எண்ணைக் காக்க வேண்டும். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் இவ்வொப்பந்தம் இங்கிலாந்தில் குறைவின்றி நடந்தது. ஒன்பதாம் எண் வருவார். ஐந்தாம் எண் தடுப்பார். ஒன்பதாம் எண் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்க வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

கேட்கப்படாத அந்த வினாதான் இங்கிலாந்தின் அரணில் இருந்த வாயில்.

அவ்வாயிலைத் திறக்கும் திறவுகோலை ஷெபெஷ் புதிதாகச் செய்யவில்லை. நடு முன்னணி ஆட்டக்காரரைப் பின்னே இருத்தி ஆடும் முறையை எம்.டி.கே. சங்கத்தில் மார்ட்டன் புகோவி முன்னரே வளர்த்திருந்தார். தேசிய அணியில் அவ்விடத்தை முதலில் பாலோதாஷ் வகித்தார். 1952 செப்டம்பரில் பெர்ன் நகரில் சுவிட்சர்லாந்தை எதிர்த்து ஹங்கேரி இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தபோது, அவருக்கு மாற்றாக நான்டோர் ஹிதெக்குட்டி களமிறக்கப்பட்டார். ஆட்டம் 4-2 என ஹங்கேரியின் வெற்றியாக முடிந்தது. அவ்விடமும் ஹிதெக்குட்டிக்கே உரியதாயிற்று. ஓர் எதிரிக்காக ஒரே இரவில் புனைந்த உத்தி களத்தில் நிலைப்பதில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தன் இயல்பில் ஏற்கெனவே ஊறியிருந்த ஒரு பழக்கம், எதிரியின் இயல்பில் ஊறியிருந்த மற்றொரு பழக்கத்தை எந்த இடத்தில் வெல்லும் என்று கண்டுகொண்டதே ஷெபெஷின் ஆராய்ச்சித் திறன்.

நவம்பர் 25ஆம் நாள் ஹிதெக்குட்டி ஒன்பதாம் எண் அணிந்து வந்தார். அவரைக் காக்கும் ஐந்தாம் எண்ணை அணிந்திருந்தவர் ஹாரி ஜான்ஸ்டன். இவர் எளிய ஆட்டக்காரர் அல்லர். 1951இல் இங்கிலாந்தின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1953 மே மாதத்தில் பிளாக்பூல் அணியின் தலைவராக எஃப்.ஏ. கோப்பையைக் கையில் ஏந்தியவர். எதிரணியின் தற்காப்பில் தளர்ந்த ஆள் யார் என்று மட்டும் தேடியிருப்பவர் ஜான்ஸ்டனை விட்டு விலகியே சென்றிருப்பார். ஷெபெஷின் திட்டமோ அவரையே மையமாகக் கொண்டது. ஆளின் திறமையில் குறையில்லை; ஆளுக்கு இடப்பட்ட ஆணையில்தான் குறை இருந்தது.

ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே ஹிதெக்குட்டி கோல் அடித்தார். அதன் பின் நிகழ்ந்தது ஒரு மனிதனுக்குள் நடந்த போராட்டம். ஹிதெக்குட்டி பின்வாங்கிக் களத்தின் நடுப்பகுதிக்குச் செல்கிறார். ஜான்ஸ்டன் அவரைத் தொடர்ந்து சென்றால் கோலுக்கு முன்னே நடுவில் வெற்றிடம் உண்டாகிறது. புஷ்காஷும் கொச்சிஷும் அவ்வெற்றிடத்துக்குள் பாய்கின்றனர். தொடராமல் தன் இடத்திலேயே நின்றால், ஹிதெக்குட்டி தடுப்பாரின்றிப் பந்தைப் பெற்று, விரும்பிய திசையில் அனுப்புகிறார். இடைநிலை ஆட்டக்காரர்கள் உதவிக்கு வரலாமே என்றால், அவர்களுடைய கைகளும் புஷ்காஷ், கொச்சிஷ் இருவராலும் கட்டுண்டு கிடந்தன. பக்கக் காவலர்களை ஓரங்களுக்கு இழுத்துச் செல்ல புதாயும் சிபோரும் இருந்தனர். இவர்களுக்குப் பின்னிருந்து போஜிக் வேறு முன்னேறி வந்தார். போவதும் பிழை, நிற்பதும் பிழை என்னும் நிலையில் ஒருவனை நிறுத்திவிட்டால், அவனுடைய வலிமையே அவனுக்குச் சுமையாகிவிடுகிறது. எதுவும் செய்ய இயலாத அந்தக் கையறு நிலையே அன்றைய பெருந்துயரம் என்ற கருத்தில் ஜான்ஸ்டன் பின்னாளில் அதை நினைவுகூர்ந்தார்.

அரைமணி நேரத்துக்குள் ஹங்கேரி நான்கு கோல்கள் அடித்துவிட்டது. மூன்றாம் கோலின்போது புஷ்காஷ் பந்தைக் காலடியால் பின்னுக்கு இழுக்க, பாய்ந்து வந்த இங்கிலாந்து அணித்தலைவர் பில்லி ரைட் பந்து இல்லாத இடத்தைக் கடந்து சென்ற காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஆட்டம் 6-3 என முடிந்தது. ஹிதெக்குட்டி மூன்று, புஷ்காஷ் இரண்டு, போஜிக் ஒன்று. இங்கிலாந்துக்காக ஆடிய பதினொருவருள், ஜான்ஸ்டன் உள்ளிட்ட அறுவர் அதன் பின் நாட்டுக்காக ஆடவேயில்லை.

கேடு எங்கே என்பது இப்போது வெளிப்படையாகிவிட்டது. எனினும் அறிதல் வேறு, திருந்துதல் வேறு. 1954 மே 23ஆம் நாள் புடாபெஸ்டில் மீண்டும் சந்தித்தபோது இங்கிலாந்து 7-1 எனத் தோற்றது. முதல் ஆட்டத்தில் ஆடியவருள் நால்வர் மட்டுமே அதிலும் ஆடினர். ஆட்கள் மாறியிருந்தனர், ஆணை மாறவில்லை. தோல்விக்கு ஆளைப் பழித்து, அமைப்பை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம் கால்பந்துக் களத்துக்கு மட்டும் உரியதன்று.

இவ்வரலாறு இங்கு முடிந்திருந்தால் அது வெற்றி பெற்றவரின் புகழுரையாக மட்டும் இருந்திருக்கும். புடாபெஸ்ட் ஆட்டம் முடிந்து ஆறு வாரங்களில் அதன் மறுபக்கம் வெளிப்பட்டது. சுவிட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், 1954 ஜூன் 20ஆம் நாள் ஹங்கேரி மேற்கு ஜெர்மனியை 8-3 என வென்றது. ஜெர்மனியின் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் அன்று தம் முதன்மை ஆட்டக்காரர் பலரைக் களமிறக்காமல் வைத்திருந்தார். ஜூலை 4ஆம் நாள் பெர்ன் நகரில் இறுதி ஆட்டம். எட்டு நிமிடங்களுக்குள் ஹங்கேரிக்கு இரண்டு கோல்கள். ஆனால் இம்முறை ஒன்பதாம் எண்ணுக்கு விடை ஆயத்தமாக இருந்தது. இடைநிலை ஆட்டக்காரரான ஹார்ஸ்ட் எக்கெல், ஹிதெக்குட்டி செல்லுமிடமெல்லாம் தொடர்ந்தார். நடுக்காவலர் தன் இடத்தை விட்டு அகல வேண்டிய தேவையே எழவில்லை. மழையில் நனைந்த களத்தில், முழுதும் ஆறாத காயத்தோடு புஷ்காஷ் ஆடினார். மேற்கு ஜெர்மனி 3-2 என வென்றது. நான்காண்டுகளுக்கு மேலாகத் தோல்வி அறியாதிருந்த அணி, தோற்கவே கூடாத நாளில் தோற்றது.

வெம்பிளியில் ஹங்கேரி ஆறு கோல்கள் அடித்ததை உலகம் நினைவில் கொண்டது. அதே நாளில் அது மூன்று கோல்களை வாங்கியதை யார் நினைவில் கொண்டார்? முன்னேறித் தாக்கும் வேகத்தில் பின்புறத்தில் இடைவெளி விடும் இயல்பு அவ்வணிக்கு அன்றே இருந்தது. வெற்றிக் கொடியைத் தொங்கவிட்ட சுவரில் விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாற்றானின் வலியைத் துல்லியமாக அளந்த கண், தன் வலியை அளக்கும்போது ஏனோ தளர்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் வலியறிதலின் முழுமை.

வெம்பிளியில் அன்று இரண்டாம் எண் அணிந்து, சிபோரைத் தடுக்கப் போராடிய வலப்பக்கக் காவலரின் பெயர் ஆல்ஃப் ராம்ஸி. இங்கிலாந்தின் மூன்றாம் கோலைப் பெனால்டியில் அடித்தவரும் அவரே. நாட்டுக்காக அவர் ஆடிய இறுதி ஆட்டமும் அதுவே. பின்னர் அவரே இங்கிலாந்து அணியின் பயிற்சியாளரானார். 1966 உலகக் கோப்பையின் இறுதிக் கட்டங்களில், மரபான ஓர முன்னணி ஆட்டக்காரர் எவருமின்றித் தம் அணியை நிறுத்தினார். எதிரணியின் பக்கக் காவலர்கள் தாங்கள் காக்க வேண்டிய ஆளைத் தேடினர். அப்படி ஒருவர் அங்கே இல்லை. ஐந்தாம் எண்ணின் தடுமாற்றத்தை அருகிலிருந்து கண்டவர், அதே வினாவை மற்றோர் எண்ணிடம் கேட்டார். ஜூலை 30ஆம் நாள், அதே வெம்பிளியில், அதே மேற்கு ஜெர்மனியை 4-2 என வென்று இங்கிலாந்து கோப்பையை ஏந்தியது.

1953இல் தோற்றவர் பலர். அத்தோல்வியைத் தம்மிடம் இருந்த கேட்கப்படாத வினாவின் விடையாகப் பயன்கொண்டவர் சிலரே. பகைவனின் அரணில் வாயில் தேடுபவன், திரும்பி வந்து தன் அரணையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பானாயின், அவன் தேடல் வீண்போகாது.