யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தலும் நம்ம கவ்வாத்துக் கத்தியும்

(வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வீட்டுத்தோட்டம் என்று பேச்செடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பெரிய பெரிய பழமாகக் காய்க்கிற ராஸ்பெரிக் கன்று இருக்காமே, அதை வாங்கி நட்டா நாலு காசு பார்க்கலாமா?" வடக்கே சொந்தக்காரர் உள்ள குடும்பங்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: "யாழ்ப்பாணத்து வளவிலே அது வருமா?" 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டுப் போய் வடக்கிலே குடியேறிய நம்ம சனம் நிறைய. அதனால் இது வெறும் பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. காணியும் காசும் சம்பந்தப்பட்ட கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறோம். யாழ்ப்பாணத்தில் ராஸ்பெரி வராது. கடையில் காண்கிற சிவப்பு ராஸ்பெரி குளிர்நாட்டுச் செடி. வருஷத்தில் சில கிழமையாவது நல்ல குளிர் பட்டு உறங்கி எழும்பினால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். யாழ்ப்பாணத்திலே வெயில் காலத்தில் பகல் வெப்பம் 30 பாகைக்கு மேலே போகும். குளிர்காலம் என்று ஒன்று அங்கே கிடையாது. அங்கே கொண்டு போய் நட்டால் செடி கொஞ்ச நாள் நிற்கும், பிறகு வாடிப் போகும். போட்ட காசு போனதுதான்.

ஆனால் யாழ்ப்பாணத்து மக்கள் தங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற ஒரு பழக்கொடியை வளவுக்குள்ளேயே வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். நாம் திராட்சை என்கிறோம். அவர்கள் முந்திரிகை என்பார்கள். "முந்திரிகை" என்றதும் நாம் கஜுக்கொட்டையை நினைத்துவிடக் கூடாது. அதற்கு அங்கே மரமுந்திரிகை என்று பெயர்.

குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல் மேலே அமைந்தது. வருஷம் முழுவதும் ஓடுகிற ஆறு அங்கே இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை கல்லுக்குள்ளே இறங்கித் தங்கும். அதைக் கிணற்றிலிருந்து எடுத்துத்தான் குடிக்கவும் வேண்டும், பயிருக்கு இறைக்கவும் வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணிலே புகையிலை, வெங்காயம், மிளகாய் செய்த கைகள்தான் முந்திரிகைப் பந்தலும் போட்டன. அங்கே கூடுதலாக நிற்கிறது இஸ்ரேல் புளூ என்கிற கறுப்புப் பழ இனம். இந்தியாவிலே தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர்த் திராட்சைக்குப் பேர் போனது. அந்தப் பழத்துக்கு 2023 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே திராட்சை என்றால் வெள்ளைக்காரன் நாட்டுப் பயிர், நம்மால் ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பந்தல்கள் சும்மா நிலைக்கவில்லை. வலிகாமம் வடக்குச் சனம் 1990 இல் வளவை விட்டு எழும்பியது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்கவே இடம்பெயர்ந்தது. ஏ9 பாதை 1990 முதல் 2002 வரை மூடிக் கிடந்தது; 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. பறித்தால் சில நாளில் கெட்டுப் போகிற பழத்தைக் கொழும்புச் சந்தைக்கு அனுப்ப வழி இல்லை. தண்ணீரும் கையும் படாத பந்தல் காய்ந்துதானே போகும்? திரும்பி வந்தவர்கள் தடி வெட்டி மறுபடியும் நட்டார்கள். ஒரு கொடி பிழைத்திருந்தாலும் அதிலிருந்து பத்துக் கன்று எடுக்கலாம்.

இனி அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். வடக்கே சொந்தக்காரர் உள்ளவர்கள் கேட்டு வைத்துக்கொண்டு அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நன்றாகக் காய்க்கிற கொடியில், முற்றிப் பழுப்பு நிறமான, பென்சில் மொத்தமுள்ள தடியை மூன்று நான்கு கணு வரும்படி வெட்டுங்கள். மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த பையிலே, இரண்டு கணு மண்ணுக்குள் போக நட்டு நிழலில் வையுங்கள். வேர் பிடித்து, மூன்று மாதம் அளவில் கன்று நடத் தயாராகிவிடும். குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். யாழ்ப்பாணத்திலே பூவரசங் குழையை மண்ணுக்குள் தாழ்த்துவது பழைய வழக்கம். குழையும் மாட்டெருவும் போட்டு மூடி, மண் இறங்கின பிறகு நடுங்கள். கொடிக்குக் கொடி பத்தடி இடைவெளி. வீட்டுக்கு ஒரு கொடி போதும், ஆசைப்பட்டால் இரண்டு.

பந்தலின் உயரம் ஆறு ஏழடி. ஆள் நிமிர்ந்து நின்று இரண்டு கையாலும் வேலை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கன்றிலே ஒரே ஒரு தண்டை மட்டும் மேலே விடுங்கள். பக்கத்தில் வருகிற தளிரையெல்லாம் கிள்ளுங்கள். தண்டு பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, இரண்டு பக்கமும் இரண்டு கை போல விடுங்கள். தேயிலைக் கன்றை உயர விடாமல் நடுத்தண்டை வெட்டி, பக்கக் கிளையை விரித்து மட்டம் கட்டுகிறோமே, அதே வேலைதான். அங்கே மட்டம் இடுப்பளவிலே, இங்கே தலைக்கு மேலே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். குளிர்நாட்டிலே திராட்சை மாரி காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். வசந்தம் வந்தால் துளிர்க்கும், பூக்கும். யாழ்ப்பாணத்தில் உறக்கம் கிடையாது. கொடி பாட்டுக்குப் பச்சையாக ஓடிக்கொண்டே இருக்கும்; பழம் பேருக்குத்தான் இருக்கும். அந்த உறக்கத்தை மனுசன்தான் கொடுக்க வேண்டும். எப்படி? கவ்வாத்து அடித்து! தண்ணீரைக் குறைத்து, முற்றிய கொப்புகளில் நாலைந்து கணு விட்டு வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட்டு, பிறகு எருப் போட்டு நீர் இறைத்தால், இரண்டு மூன்று கிழமைக்குள்ளே கணுவிலிருந்து புதுத் தளிர் வரும். அந்தத் தளிரிலேதான் பூங்கொத்து வரும். வெட்டாத கொடியிலே இலையைத்தான் எண்ணலாம்.

வெட்டினதிலிருந்து பழம் பறிக்க ஏறக்குறைய நான்கு மாதம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வெட்டும் நாளைத் தீர்மானிக்க வேண்டும். மழைக்குள்ளே பழம் பழுத்தால் வெடிக்கும், அழுகும். தை கடைசியிலே வெட்டினால் வைகாசிக்குள் பறிக்கலாம். ஆனி முற்பகுதியில் வெட்டினால் ஐப்பசி மழைக்கு முன்னே முடிந்துவிடும். பின்னாலிருந்து நாளை எண்ணிக்கொண்டு வருகிற இந்தக் கணக்குத் தெரிந்தவனுக்கு வருஷத்தில் இரண்டு அறுவடை.

"பழம் பெரிசாக வர என்ன மருந்து போடணும்?" என்று கேட்கிறார்கள். பழம் பெரிதாவதற்கு மருந்து கடையில் தேட வேண்டாம். பூங்கொத்து அதிகம் வந்தால் சிலதைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். மிச்ச குலையில் பிஞ்சு நெருக்கமாக இருந்தால் சிறிய கத்தரிக்கோலால் இடையிடையே கழியுங்கள். குலையை மூடி நிற்கிற இலையைக் கொஞ்சம் எடுத்து வெளிச்சம் விடுங்கள். வேர் கொடுக்கிற சாப்பாடு ஐம்பது வாய்க்குப் பங்கு போனால் எல்லாம் சிறுக்கும். பறிக்கிறதுக்குக் கிட்டத்தட்டத் தண்ணீரையும் குறைத்தால் இனிப்புக் கூடும். இன்னொன்று: திராட்சை பறித்த பிறகு பழுக்காது. நிறம் முதலில் வரும், இனிப்புப் பிறகுதான் வரும். நிறத்தைப் பார்த்து அவசரப்பட்டு வெட்டினால் புளிப்புப் பழம்தான் கையில் மிஞ்சும். குலையின் நுனிப் பழத்தைத் தின்று பார்த்து, இனித்த பிறகு பறியுங்கள்.

நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரம் கூடினால் இலையிலே பூஞ்சணம் பிடிக்கும். பிரான்ஸ் தேசத்தில் போர்டோ என்ற ஊரிலே, வழிப்போக்கர் பழம் திருடாமல் இருக்க, வீதியோரக் கொடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசினார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் பிடிக்கவில்லை என்பதை மில்லார்டே என்ற விஞ்ஞானி கவனித்து, 1885 இல் உலகுக்குச் சொன்னார். அதுதான் போர்டோக் கலவை. நம்ம தேயிலைக்கு 1946 இல் கொப்புள நோய் வந்தபோதும் செம்பு மருந்துதான் கைகொடுத்தது.

பத்து லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு. இரண்டையும் வேறு வேறு பிளாஸ்டிக் வாளியில் ஐந்து ஐந்து லீற்றரில் கரைத்து, துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. கலவைக்குள் ஒரு இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலக்கின அன்றே அடித்து முடியுங்கள். இளந்தளிருக்கு இதில் பாதிப் பலம் போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பழம் பழுக்கிற காலத்தில் எந்த மருந்தும் அடிக்க வேண்டாம். கடை மருந்து என்றால் அறுவடைக்கு எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று போத்தலிலேயே எழுதியிருக்கும். வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பந்தலுக்குக் கீழேதான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கை எட்டின பழத்தைக் கழுவாமல் வாயில் போடுகிறார்கள். உரமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலே அளவுக்கு மிஞ்சிப் போட்ட உரம் கல்லுக்குள்ளே இறங்கி, பயிர்செய்யும் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடிப் போயிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. நம்ம மலையிலே பீலித் தண்ணீரும் அதே மாதிரித்தான். மேலே நாம் கொட்டுவது கீழே உள்ள லயத்துக் குடத்துக்குப் போகும்.

"சரி, நாங்கள் மேல்நாட்டிலே இருக்கிறோம், எங்களுக்கு இதிலே என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நுவரெலியாப் பக்கத்து மழைக்கும் பனிமூட்டத்துக்கும் திராட்சை ஒத்துவராது. இலை காயவே காயாது, பூஞ்சணம் தின்றுவிடும். யாழ்ப்பாணத்துக்கு ராஸ்பெரி எப்படியோ, நமக்குத் திராட்சை அப்படி. இங்கே பந்தலுக்குச் சவ்சவ் இருக்கிறது. உயரமான தோட்டங்களுக்கு ஊதாநிறப் பஷன் புரூட் கொடி இருக்கிறது. அதுவும் புதுத் தளிரிலேதான் காய்க்கும், காய்ப்பு முடிந்ததும் வெட்டிவிட வேண்டும்.

ராஸ்பெரி இனத்து முட்செடிகள் நம்ம மலை ஓரங்களில் தானாக முளைக்கின்றன. பிள்ளைகள் பறித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பழ ராஸ்பெரியை நட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், உயரமான குளிர்ந்த தோட்டத்தில் ஒன்றிரண்டு கன்று மட்டும், பரவாத ஒரு மூலையில் வையுங்கள். பழம் பறித்து ஒன்றிரண்டு நாளிலே கெட்டுவிடும். அதனால் விற்பனைக் கணக்குப் போட்டுக் கடன் வாங்க வேண்டாம். அந்தச் செடியிலும் பழம் கொடுத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால்தான் அடுத்த தண்டு பலமாக வரும். வெளிநாட்டிலிருந்து வருகிற உறவுக்காரரிடம் தடியோ கன்றோ பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். ஒரு தடியோடு வருகிற நோய் ஒரு மலையையே அழிக்கும்.

கவனித்துப் பாருங்கள். தேயிலை, திராட்சை, ராஸ்பெரி மூன்றுக்கும் கத்தி வேண்டும். தோட்டத்திலே மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து. மேல்நாட்டில் இன்னும் ஒரு வருஷம் தள்ளியும் போகும். எங்கே வெட்டுவது, எவ்வளவு சாய்வாக வெட்டுவது, பட்டை கிழியாமல் எப்படி வெட்டுவது என்று நம்ம ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கையிலே வந்த வித்தை அது. இத்தனை காலமும் அந்த வித்தை தோட்டத்துக் கணக்கிலே பேராகப் பதிந்தது. இப்போது லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன; இன்னும் கிடைக்காமல் காத்திருக்கிற குடும்பங்கள் அதைவிட அதிகம். பல வருஷம் நிற்கிற கொடியை, நாளைக்கும் இது நம்ம இடம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனுசன் நடுவான். காணி கையில் வந்தவர்கள் ஒரு மூலையில் ஒரு பந்தலாவது போடுங்கள். வராதவர்கள் லயத்து வாசலிலே ஒரு சவ்சவ்வை முளைக்க வைத்து, பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு கன்றுக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்கும் முன்னே மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஊர் மழைக்கும் குளிருக்கும் இது தாங்குமா? எப்போது வெட்ட வேண்டும்? பறித்த பழம் எத்தனை நாள் நிற்கும்? மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாதவரிடம் கன்று வாங்க வேண்டாம்.

செய்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். கன்றையும் கையோடு கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.