இணையப் பக்கம் அமைக்க முதற் கருவி எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இணையப் பக்கம் அமைக்கப் புதிதாகக் கற்போருக்கு ஏற்ற மென்பொருள் எது?" என்னும் பொருள் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கின்றார்கள். வாலிபர் சங்க மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே எமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் சிலர் சேர்ந்து லயங்களிலே முதிய தாய்மார் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு எழுதினோம். அவற்றைப் பாமினி எழுத்துருவிலே தட்டெழுதி, அப்படியே இணையத்தில் ஏற்றினோம். எமது கணினியில் அது முத்து முத்தாகத் தெரிந்தது. கொழும்பிலே கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி தன் கைத்தொலைபேசியில் அதைத் திறந்தான். அவன் கண்டதோ ஆங்கில எழுத்துகளின் குப்பை. அது அவனுடைய அப்பாயி பாடிய தாலாட்டு. "அண்ணே, ஒண்ணும் விளங்கலையே" என்றான். நாம் அதைத் திருத்தி முடிக்குமுன் அந்தத் தாய் கண்மூடிவிட்டார். கருவியை ஆராயாமற் கையில் எடுத்ததன் பலன் அது.

பிழை எங்கே? பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தை வைத்திருக்கின்றது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்தே வெளியே தலைகாட்டும். யூனிகோட் முறையிலோ ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் உண்டு. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. எனவே முதற் சோதனை இது: நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருளில் யூனிகோட் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அதனை வேறொருவரின் தொலைபேசியில் திறந்து பாருங்கள். அங்கேயும் தமிழாகவே தெரிந்தால் மேலே செல்லலாம்.

இரண்டாம் சோதனை பக்கத்தின் பாரம். வழக்கமான யூரிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் இடம் பிடிக்கும். ஆயிரம் குறி கொண்ட ஒரு பாடல் ஏறக்குறைய 3 கிலோபைட்தான். தொலைபேசியில் எடுத்த ஒரு படமோ 3 மெகாபைட், அதாவது ஆயிரம் மடங்கு, இருக்கக்கூடும். மலைச் சரிவிலே சிக்னல் தேடி, எண்ணி எண்ணி டேட்டா போடும் நம்மவர்க்கு இது சிறிய விடயமன்று. படத்தைச் சுருக்கி ஏற்றுவதற்கு வழி தரும் கருவியே நமக்கு நல்லது.

மூன்றாம் சோதனை மிக முக்கியமானது: போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்திலே உலகெங்கும் எத்தனையோ பேர் வீட்டுப் பக்கங்கள் அமைத்தார்கள். யாஹூ நிறுவனம் 2009இல் அதை மூடிற்று. யப்பானியப் பிரிவு மட்டும் 2019 வரை நின்றது. படி எடுத்து வைக்காத பலரின் உழைப்பு அதனோடு போயிற்று. இரவல் வீட்டில் இருப்பது என்றால் என்னவென்று லயத்திலே பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். முதலாவது, சாதாரண நோட்பேட். இதில் எச்ரிஎம்எல் குறிகளைக் கையால் எழுதலாம். தலைப்பு, பந்தி, இணைப்பு, படம் என்ற நான்கையும் ஓரிரு மாலைப் பொழுதிற் கற்றுவிடலாம். கோப்பை யூரிஎப்-8 எனச் சேமிக்க மறவாதீர்கள். செலவில்லை; கோப்பும் நம்முடையது.

இரண்டாவது, கூகுள் சைட்ஸ். இலவசம், இழுத்து வைத்தாற் போதும், தொலைபேசிக்கு ஏற்பத் தானே அமைந்துகொள்ளும். அவசரமாக ஒரு விழா அறிவித்தல் போடுவதற்கு இது போதும். ஆனால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போவது எளிதன்று.

மூன்றாவது, வேர்ட்பிரஸ். 2003இல் மற் முல்லன்வெக், மைக் லிற்றில் என்னும் இருவர் தொடங்கியது. பலர் சேர்ந்து எழுதலாம். தமிழிலேயே கட்டளைகள் உண்டு. எழுதியவற்றைக் கோப்பாக வெளியே எடுக்கலாம். ஆனால் சொந்தப் பெயரில் நடத்த ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். காலத்துக்குக் காலம் புதுப்பிக்காவிட்டால் திருடர் நுழைவர். முதல் நாளே இதனைப் புதியவரிடம் கொடுப்பது குருவி தலையிற் பனங்காய் வைத்த கதையாகும்.

எமது முடிவு இதுதான். ஒவ்வோர் இளைஞரும் முதலில் நோட்பேட்டில் ஒரு பக்கமாவது கையால் எழுதட்டும். அதன்பின் எந்தக் கருவி எடுத்தாலும் அதன் உள்ளே நடப்பது விளங்கும். சங்கத்துக்காகப் பலர் கூடி எழுதும் நாள் வரும்போது வேர்ட்பிரசுக்குப் போகலாம். எதில் எழுதினாலும் மூலப்படி இரண்டு இடங்களில் இருக்கட்டும். பழைய மலர்களை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளத்துக்கும் அனுப்பி வைப்போம்.

அன்பர்களே! சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் நமது மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கித் தந்தார். அவர் கையில் இருந்தவை காகிதமும் பேனாவும். நமது சட்டைப்பையிலோ தொலைபேசி இருக்கின்றது. இன்னும் பாடக்கூடிய தாய்மார் நமது தோட்டங்களில் இருக்கின்றார்கள். வரும் ஞாயிறன்று அவர்களில் ஒருவரிடம் போய் அமருங்கள். அவர் பாடுவதை யூனிகோட்டிலே எழுதுங்கள். கொழும்பிலிருக்கும் பேரனுக்கு அதை அனுப்பி, "விளங்குதா தம்பி?" என்று கேளுங்கள். "விளங்குது அண்ணே" என்று அவன் சொன்னால், அன்று நீங்கள் எடுத்த கருவி சரியான கருவி.