அந்த்ரே பவுமாவுக்கு எப்படி மரியாதை செய்வது?

(லண்டனில் நடந்த எங்கள் மாதக் கூட்டத்தில் பேசியது. மடலுக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



"நாங்கள் மதிக்கும் ஒரு தொழிலாளி" என்று இந்த மாதத் தலைப்பைத் தந்திருந்தீங்கள். நான் எடுத்திருக்கிறவர் தொழிற்சங்கத் தலைவர் இல்லை, எழுத்தாளர் இல்லை. கொரில்லாக் குட்டிகளை வளர்க்கிறவர். பேர் அந்த்ரே பவுமா. கொங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கில் விருங்கா தேசியப் பூங்கா இருக்கு. அதன் தலைமையகம் ருமாங்காபோ. அங்கே உள்ள செங்க்வெக்வே நிலையத்தின் பொறுப்பாளர் அவர். தாயை இழந்த மலைக் கொரில்லாக்களை வைத்துப் பராமரிக்கிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அவரைத் தெரியாட்டிலும் அவர் வளர்த்த பிள்ளையை உங்களில் கனபேர் பார்த்திருப்பீங்கள். 2019 ஏப்ரலில் ஒரு செல்ஃபி உலகம் முழுக்கச் சுற்றியது. ரேஞ்சர் ஒருவர் கமராவைப் பிடிக்கிறார். பின்னால் இரண்டு கொரில்லாக்கள் மனிசர் மாதிரி நிமிர்ந்து நிற்கினம். அதில் ஒன்று ண்டகாசி, மற்றது ண்டேசே. உண்மைப் படமா, கணினியில் செய்ததா என்று சனம் கேட்ட அளவுக்குப் பிரபலம். எல்லாரும் சிரித்தோம், பகிர்ந்தோம். அந்த இரண்டும் ஏன் காட்டில் தங்கட குடும்பத்தோட இல்லை, ஏன் மனிசரோட நிற்குது என்று கேட்டவர்கள் குறைவு.

அந்தக் கேள்விக்குப் பதில் 2007 இல் இருக்கு. அந்த வருஷம் ஆயுதக் குழுவினர் ண்டகாசியின் தாயைச் சுட்டுக் கொன்றார்கள். ரேஞ்சர்கள் போய்ப் பார்த்தபோது இரண்டு மாதக் குட்டி, செத்த தாயின் உடம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கோமா நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் பவுமா அதை முதல் முதலாகக் கையில் வாங்கினார். குட்டிக்கு உயிர் தங்குமா என்றே தெரியாத நிலைமை. அன்று இரவு முழுக்க, சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடியே இருந்தார். உடம்புச் சூடுதான் மருந்து. குட்டி பிழைத்தது.

சில வாரங்கள் கழித்து, ஜூலையில், இன்னொரு படுகொலை. செங்க்வெக்வே என்ற பெரிய வெள்ளி முதுகு ஆணும் அதன் குடும்பத்துப் பெண்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ண்டேசே தாயை இழந்தது அந்தச் சம்பவத்தில்தான். பிரென்ட் ஸ்டேர்ட்டன் எடுத்த ஒரு படம் இருக்கு: தடிகளைக் கட்டிய பாடையில் செங்க்வெக்வேயின் உடலை ஊர்ச்சனம் தோளில் சுமந்து வருது. காட்டைச் சனத்திடமிருந்து காப்பாற்ற வேணும் என்று சொல்லுற ஆக்களுக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கோ. உடலைச் சுமந்தது பக்கத்து ஊர் ஆட்கள்தான். செங்க்வெக்வேயின் பெயரையே பின்னர் அந்த நிலையத்துக்கு வைத்தார்கள்.

இனி அந்த வேலை என்ன வேலை என்று சொல்லுறன். மலைக் கொரில்லாக் குட்டி மூன்று நாலு வருஷம் தாயிடம் பால் குடிக்கும். பகலில் தாயின் முதுகில், இரவில் தாயின் பக்கத்தில். தாய் இல்லாட்டில் அந்த வருஷங்கள் எல்லாத்தையும் ஒரு மனிசன் நிரப்ப வேணும். பால் கொடுக்கிறது, பக்கத்தில் படுக்கிறது, விளையாடுறது, பயந்தால் தூக்கி வைத்திருக்கிறது. கொரில்லாவுக்கு எங்கட சாதாரணத் தடிமனே உயிர் ஆபத்து. ஆகவே முகக்கவசம், சுத்தம், தனக்கு உடம்பு சரியில்லாட்டில் கிட்டப் போகாத கட்டுப்பாடு. சொந்த வீட்டில் மனைவி பிள்ளைகள் இருக்க, இரவுகளை இங்கே கழிக்கிற வேலை. இப்படி வளர்ந்தவர்களைத் திரும்பக் காட்டில் விடுவதும் லேசில்லை. குடும்பம் இல்லாத கொரில்லாவைக் காட்டில் வேறு குடும்பம் ஏற்கும் என்று சொல்ல முடியாது. மனிசரின் நோயைக் காட்டுக்குள் கொண்டுபோகவும் கூடும். அதனால் இது ஒரு பருவத்து வேலை இல்லை, வாழ்நாள் வேலை.

இதைச் செய்திகளில் எப்படி எழுதினார்கள்? "கொரில்லாவை நேசித்த மனிதன்", "அதிசயப் பாசம்". பாசம் இருக்கு, நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கட அம்மாமார், அம்மம்மாமார் இந்த நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் கிழவர்களைக் குளிப்பாட்டித் துடைக்கிற வேலையையும் "பாசம்" என்றுதான் சொல்லுவினம், சம்பளம் கேட்கும் வரைக்கும். பராமரிப்பைப் பாசம் என்று மட்டும் சொன்னால் அதுக்குள்ள இருக்கிற உழைப்பு மறைஞ்சு போகும். பவுமா செய்தது உழைப்பு. பயிற்சியும் அறிவும் பொறுமையும் வேண்டிய உழைப்பு.

அதுவும் போருக்குள்ள. 2012 இல் எம்23 கிளர்ச்சிக் குழு அந்தப் பகுதியைப் பிடித்தது. "விருங்கா" என்ற 2014 ஆவணப்படத்தில் பார்க்கலாம்: வெடிச்சத்தம் கிட்ட வருது, பவுமா குட்டிகளோட நிற்கிறார். வேட்டைக்காரரின் சுருக்கில் அகப்பட்டு ஒரு கையை இழந்த கபோகோ என்ற கொரில்லா அந்த நாட்களில்தான் செத்தது. 2022 ஒக்டோபரில் எம்23 திரும்பவும் ருமாங்காபோவைப் பிடித்தது. 2025 ஜனவரியில் கோமாவே வீழ்ந்தது. ஷெல்லடிக்குள்ள ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடின கதைகளை நாங்கள் வீடுகளில் கேட்டிருக்கிறோம். ஓட முடியாத, அவிழ்த்துவிடவும் முடியாத உயிர்களோட நிற்பது என்றால் என்ன என்று அந்தக் கதைகளைக் கேட்ட எங்களுக்கு விளங்கும்.

விருங்காவில் இதுவரை 200க்கு மேற்பட்ட ரேஞ்சர்கள் கொல்லப்பட்டிருக்கினம். 2020 ஏப்ரல் 24 அன்று ருமாங்காபோவுக்குக் கிட்ட நடந்த ஒரே தாக்குதலில் 12 ரேஞ்சர்கள், ஒரு சாரதி, நாலு பொதுமக்கள். 2021 ஜனவரியில் இன்னும் ஆறு ரேஞ்சர்கள். பெரும்பாலும் அந்தந்த ஊர்களில் பிறந்த இளைஞர்கள். அவர்களின் விதவைகள் சிலர் ருமாங்காபோவில் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்யினம்.

சரி, கொரில்லாக்களை ஏன் கொன்றார்கள்? இறைச்சிக்கு இல்லை. உடல்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நேரத்து விசாரணைகள் காட்டிய திசை கரி வியாபாரம். விறகுக் கரியைத்தான் சொல்லுறன். சுவாஹிலியில் மகாலா. கோமாவில் பெரும்பாலான அடுப்புகள் அதில்தான் எரியுது. காட்டு மரத்தை வெட்டி, மண்ணால் மூடி, எரித்து, மூட்டை கட்டி விற்கிறார்கள். ஆயுதக் குழுக்களும் சில அதிகாரிகளும் அந்தப் பணத்தில் பங்கு எடுத்தார்கள். கொரில்லா இருக்கும் வரைக்கும் காட்டைப் பாதுகாக்க ஆள் இருக்கும். கொரில்லா போனால் காவலும் போகும் என்பது கொலையாளிகளின் கணக்கு என்று ரேஞ்சர்கள் சொன்னார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். கரி வாங்கிச் சோறு சமைக்கிற கோமாப் பெண் குற்றவாளியா? 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு லட்சக்கணக்கான அகதிகள் அந்தப் பூங்காவின் ஓரத்தில் கூடாரம் போட்டார்கள். விறகுக்கு எங்கே போவார்கள்? காடுதான். மின்சாரம் இல்லாத ஊருக்குக் "காட்டைத் தொடாதே" என்று சொல்வது சட்டமாக இருக்கலாம், தீர்வாக இராது. 2015 இல் மத்தேபே நீர்மின் நிலையம் தொடங்கியது இந்தக் கேள்விக்கு வந்த ஒரு பதில். போதுமான பதில் இல்லை, ஆனால் திசை சரி.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்தப் பூங்கா 1925 ஏப்ரல் 21 அன்று பெல்ஜிய மன்னர் ஆல்பேர்ட்டின் பெயரில் உருவானது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா என்று பெருமையாகச் சொல்லுவினம். ஆனால் அது ஒரு குடியேற்ற அரசு கோடு கிழித்து எடுத்த நிலம். அங்கே பயிர் செய்தவர்கள், மீன் பிடித்தவர்கள், வேட்டையாடியவர்கள் ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எங்களுக்கு இது புதுக்கதையும் இல்லை. போர் முடிந்து முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் திரும்பிப் போன சனத்தின் வயல்களுக்குள் வன இலாகா எல்லைக்கல் போட்டதை நாங்கள் அறிவோம். "சரணாலயம்" என்ற சொல் யாருக்கோ அடைக்கலம், யாருக்கோ வெளியேற்றம்.

அப்ப பவுமாவை மதிப்பதும் இந்த வரலாற்றை விமர்சிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரா? நான் அப்படி நினைக்கவில்லை. கோடு கிழித்தவர் பவுமா இல்லை. கிழித்த கோட்டுக்குள் மாட்டுப்பட்ட உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறவர் அவர். தோட்டத்தை உருவாக்கிய வெள்ளைக்காரனையும் தோட்டத்தில் உழைத்த தொழிலாளியையும் நாங்கள் ஒரே தராசில் வைப்பதில்லை. இங்கேயும் அதே அளவுகோல்தான்.

இப்ப லண்டனுக்கு வருவம். இந்தக் கதையில் இந்த நகரத்துக்கும் ஒரு பாத்திரம் இருக்கு. 2010 இல் விருங்காவுக்குள் எண்ணெய் தேட உரிமம் பெற்ற சோகோ இன்டர்நேஷனல் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பனி. ரொட்ரிக் கடெம்போ என்ற பூங்கா அதிகாரி 2013 இல் அங்கே ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் எழும்புவதைத் தடுத்தார். அவரைக் கைதுசெய்து 17 நாட்கள் சித்திரவதை செய்தார்கள். தனக்கு அதில் தொடர்பில்லை என்றது கம்பனி. கடெம்போ சிறுவயதில் வலுக்கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர். வெளியே வந்ததும் அவர் திரும்பவும் வேலைக்குப் போனார். எண்ணெய்க்காக நடந்த லஞ்சப் பேரங்களை ரகசியக் கமராவில் பதிவு செய்தார். உலகளாவிய எதிர்ப்பு எழும்ப, 2014 ஜூனில் கம்பனி பின்வாங்குவதாக அறிவித்தது. 2015 இல் இங்கிலாந்துத் திருச்சபை அந்தக் கம்பனியில் வைத்திருந்த பங்குகளை விற்றது. 2017 இல் கடெம்போவுக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

கதை முடியவில்லை. 2022 ஜூலையில் கொங்கோ அரசு எண்ணெய் வயல்களை ஏலத்துக்கு விட்டது. விருங்காவின் நிலமும் அதில் அடங்கியது. 2024 ஒக்டோபரில் அந்த ஏலம் ரத்தானது. ரத்தான ஏலம் வேறு பெயரில் திரும்பி வரலாம். வரும்போது பணம் எங்கேயிருந்து வரும்? இந்த மாதிரி நகரங்களிலிருந்துதான்.

எங்கட சமூகத்தில் ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால் ஒரு முறை இருக்கு. மேடை, பொன்னாடை, மாலை, கேடயம், நாலு பேர் பேச்சு, பிறகு கொத்துரொட்டி. நான் அதைப் பழிக்கவில்லை. ஆனால் ருமாங்காபோவில் இருக்கிற ஒருவருக்கு நாங்கள் லண்டனில் என்ன பொன்னாடை போர்த்த முடியும்? நான் மூன்று விஷயம் சொல்லுறன்.

ஒன்று, பெயர். விருங்காவைப் பற்றிப் பேசினால் அதன் பெல்ஜிய இயக்குநர் எம்மானுவேல் டி மெரோட்டின் பெயர் முதலில் வரும். அவர் 2014 இல் சுடப்பட்டு உயிர் தப்பியவர். துணிச்சலை நான் குறைக்கவில்லை. ஆனால் பவுமா, கடெம்போ என்ற பெயர்களையும் நாங்கள் அதே மூச்சில் சொல்ல வேணும். அந்த செல்ஃபியை அடுத்த முறை யாரும் அனுப்பினால், அதை எடுத்தவர் மத்தியூ ஷமாவு என்று சொல்லுங்கோ, அந்தக் கொரில்லாக்களின் தாய்மாருக்கு என்ன நடந்தது என்றும் சொல்லுங்கோ.

இரண்டு, பணம். உங்கட பல்கலைக்கழகம் எந்தெந்தக் கம்பனிகளில் முதலீடு செய்திருக்கு என்று கேளுங்கோ. எழுத்தில் கேளுங்கோ. ஒரு திருச்சபை விற்க முடியுமென்றால் ஒரு பல்கலைக்கழகமும் விற்கலாம். எண்ணெய், எரிவாயு, சுரங்கம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கோ.

மூன்று, கேள்வி. "காட்டைக் காப்போம்" என்று எந்த அமைப்பு உங்களிடம் கையெழுத்தோ காசோ கேட்டாலும், காவல் காக்கிறவருக்கு என்ன சம்பளம், செத்தால் குடும்பத்துக்கு என்ன, வேலிக்கு வெளியே இருக்கிற சனத்துக்கு என்ன என்று கேளுங்கோ. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத பாதுகாப்பு, பாதியில் நிற்கிற பாதுகாப்பு.

ண்டகாசி 2021 செப்டெம்பர் 26 அன்று, நீண்ட நோய்க்குப் பிறகு, பதினாலு வயதில் செத்தது. பவுமாவின் நெஞ்சில் சாய்ந்தபடி. அந்தப் படமும் உலகம் சுற்றியது. அந்தப் பதினாலு வருஷங்களுக்குள் மலைக் கொரில்லாக்களின் தொகை சுமார் 720 இலிருந்து 1,063 ஆக உயர்ந்தது. 2018 இல் அவற்றை "மிக ஆபத்தான" பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கினார்கள். மனிசக் குரங்குகளில் எண்ணிக்கை கூடுகிற இனம் என்று இதைத்தான் சொல்லுவினம். போர் நடந்துகொண்டே இருந்த ஒரு நிலத்தில் இது நடந்திருக்கு. வெளிநாட்டுப் பணம் உதவியது. ஆனால் ஒவ்வொரு நாளும் காட்டுக்குள் நடந்தவர்களும் இரவில் குட்டிகளோடு படுத்தவர்களும் உள்ளூர்த் தொழிலாளர்கள்.

பவுமாவைத் தெய்வமாக்க வேண்டாம். தெய்வத்துக்குச் சம்பளமும் தேவையில்லை, பாதுகாப்பும் தேவையில்லை. தொழிலாளிக்கு இரண்டும் தேவை. அவரைத் தோழர் என்று சொல்லுவோம். அந்தச் சொல்லுக்கு உரிய கடமையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுவோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கோ.