சின்ன செட்டில் நல்ல ஸ்டீரியோ

ரேடியோ, சி.டி., ப்ளூடூத் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சிறிய ஸ்டீரியோ செட் ஒன்றை வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களோடு இன்று பேச வந்திருக்கிறேன்.

கடையில் முதலில் கண்ணில் படுவது வாட்ஸ் கணக்கு. பி.எம்.பி.ஓ., அதாவது ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச அளவு, என்று போட்டு ஆயிரக்கணக்கில் அச்சடித்திருப்பார்கள். அதை ஒதுக்கிவிட்டு, செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று அங்கே எழுதியிருக்கும். 40 வாட் எடுக்கும் பெட்டி தொடர்ந்து 1,000 வாட் எங்கிருந்து கொடுக்கும்? தொடர்ந்து கொடுக்கும் சக்தியைக் காட்ட ஆர்.எம்.எஸ். என்று குறித்த எண்ணை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். அதிலும் 10 வாட்டை 20 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குச் சற்றே ஏறினாற்போல இருக்கும். இரண்டு மடங்கு உரக்கக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவைப்படும். சாதாரணக் கூடத்துக்குப் பக்கத்துக்கு 15, 20 வாட் தாராளம்.

அடுத்தது பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி. அமெரிக்காவில் 1957இல் கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஜோசப் அன்டன் ஹாஃப்மன். அவர் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சக்தியில் உரத்த ஒலி, இந்த மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். இது இயற்பியல், எந்தக் கம்பெனியாலும் தாண்ட முடியாது. அதனால் சின்ன ஸ்பீக்கர் அதிரடி பாஸ் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் தாழ்ந்த ஒலியில் ஏதோ ஒரு பகுதியை மட்டும் தூக்கிக் காட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட செட்டில் மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஒவ்வொரு அடியும் ஒரே 'தொம்' ஆகிவிடும். ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

இப்போது ஸ்டீரியோவுக்கு வருகிறேன். என் பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் ஆலன் ப்ளம்லைன் 1931இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டுதான் நாம் திசையை உணர்கிறோம். அந்த உணர்வு கிடைக்க இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக, 60 பாகையில் அமைய வேண்டும். ஒரே பெட்டிக்குள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டையும் பொருத்தி, நாம் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 6 பாகைகூடத் தேறாது. கச்சேரி மேடையில் பாடகரின் இடப்பக்கம் வயலினும் வலப்பக்கம் மிருதங்கமும் இருக்கும். ஸ்டீரியோவாகப் பதிந்த கச்சேரியைப் பிரிந்த ஸ்பீக்கரில் கேட்டால் அந்த இடைவெளி கூடத்திலேயே விரியும். ஒற்றைப் பெட்டியில் மூவரும் ஒருவர்மேல் ஒருவராக நெருங்கிவிடுவார்கள். ஆகவே, ஸ்பீக்கர்களைத் தனியே கழற்றி வைக்கக்கூடிய செட்டையே வாங்குங்கள். கூடம் சிறியதென்றால் ஒன்றரை மீட்டர் இடைவெளியே போதும். சமையலறைக்கோ கட்டில் பக்கத்துக்கோ என்றால் கதை வேறு. அங்கே ஒரே ஸ்பீக்கர் கொண்ட நல்ல ரேடியோவே மேல். கே.எல்.எச். நிறுவனர்களில் இன்னொருவரான ஹென்றி க்ளாஸ் வடிவமைத்து 2000இல் வந்த டிவோலி மாடல் ஒன் அந்த வகைதான்.

வெளிக்கருவியைக் கம்பியால் இணைக்கும் ஆக்ஸ் துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எல்லாம் ஒன்றான செட்டில் சி.டி. பகுதிதான் சீக்கிரம் சோர்ந்துபோகும். செயலிகளை நம்பிய வசதிகளோ, கம்பெனி கைவிட்டால் நின்றுவிடும். ஆக்ஸ் இருந்தால் எந்தக் கருவியையும் இணைத்து ஓட்டலாம்.

சோதிக்கும்போது, பழக்கமான ஒரு குரலைப் போடச் சொல்லுங்கள். செய்தி வாசிப்பவர் குரல்கூட நல்லதுதான். கடைக்காரர் உரக்க வைப்பார். வீட்டில் நீங்கள் கேட்கும் அளவுக்குக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது ஒலியளவு ஒன்றாக இருக்கட்டும், ஏனென்றால் உரக்கப் பாடுவதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

வாங்கி வந்தபின் ஷோகேஸுக்குள் அடைக்காதீர்கள், சுவர் மூலையிலும் தள்ளாதீர்கள். மூலை பாஸைத் தேவைக்கு மேல் பெருக்கிவிடும். ஒரு சாண் முன்னே இழுத்து, நீங்கள் உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் ஸ்பீக்கரை வைத்து, உங்கள் பக்கம் சற்றே திருப்பிவிடுங்கள்.